பொட்டு வைத்த இடம்

(ஆயுதபூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கவரைப்பேட்டையில் வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மேசைமேல் இரண்டு பொட்டலங்கள் இருக்கின்றன. ஒரே இரும்புத் தண்டை இரண்டாக அறுத்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஒன்றைத் தோலில் சுற்றினேன். மற்றதை நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாகங்களைத் துருப்பிடிக்காமல் பொதியும் விசிஐ தாளில் சுற்றினேன். ஜூன் கடைசியில் வீட்டுப் பரண்மேல் வைத்தது. இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை. பேசி முடித்ததும் உங்கள் முன்னாலேயே பிரிக்கிறேன்.

நான் படைவீரன் அல்லன், வேட்டைக்காரனும் அல்லன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோர்ஸிலும் தரச் சோதனையிலும் வேலை பார்த்தவன். ஏற்றுமதிக்குப் போகும் எஃகுப் பாகங்கள் கப்பலில் துருப்பிடிக்காமல் போய்ச் சேரவேண்டும், அதுதான் என் பொறுப்பு. துப்பாக்கி என்னிடம் வந்தது அந்த வழியாகத்தான்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவர் ஒருநாள் வரச்சொன்னார். அவர் தாத்தா காலத்து ரைஃபிள், முறையான உரிமம் உள்ளது. குழலின் மேல் பி. ஓர் அண்ட் சன்ஸ், மதராஸ் என்று பொறித்திருந்தது. மவுண்ட் ரோட்டில் கடிகாரமும் வெள்ளிச் சாமானும் விற்ற அதே கடைதான். அந்தக் காலத்தில் சீமைத் துப்பாக்கிகளையும் தங்கள் பெயர் பொறித்து விற்றார்கள். நண்பரின் வீட்டில் அதைப் பட்டு வேட்டியில் சுற்றி, தோல் உறையில் போட்டு, தேக்குப் பெட்டியில் அந்துருண்டையோடு பூட்டி வைத்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுதபூஜையன்று வெளியே எடுப்பார்கள். சந்தனம், குங்குமம், பூ. மறுநாள் அப்படியே திரும்பப் பெட்டிக்குள். "தேதி தவறாம பூஜை போடுறோம் சார், இருந்தும் ஏன் இப்படி?" என்று கேட்டார்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். குழலின்மேல் ஐந்து துருப் பொட்டுகள், ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அளவு. சரியாக அளந்து வைத்ததுபோல ஒரே இடைவெளியில். சந்தனப் பொட்டு வைத்த இடங்கள் அவை. நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. குழலைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் இன்னொரு கோலம்: தோல் உறையின் தையல், தையல் தையலாக, இரும்பில் பதிந்திருந்தது. நண்பர் முகத்தைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வீட்டில் அந்தத் துப்பாக்கிமேல் யாருக்கும் அலட்சியம் கிடையாது. அதைக் கெடுத்தது அத்தனையும் பாசத்தோடு செய்த காரியம். இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். நம் ஊரில் பழைய துப்பாக்கி கெடுவது பெரும்பாலும் நாம் அதைச் சுற்றி வைக்கும் பொருளால், நாம் அதன்மேல் தடவும் பொருளால்.

மேலே போவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் காலாவதியானாலோ, உரிமதாரர் காலமானாலோ, துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பழங்கால மாதிரி, பழுதுபார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் உள்ளவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அது அந்த வகையா என்று நாமே முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது. நூறு வயது தாண்டியது என்றால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் வருகிறது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இன்னொன்று, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி பரணில் கிடைத்தால் கைவைக்காதீர்கள். தாத்தா கெட்டித்த மருந்து இன்னும் உள்ளேயே இருக்கலாம். கரிமருந்துக்கு வயதானாலும் வீரியம் போகாது. உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் பார்த்து, குழல் காலி என்று சொன்ன பிறகுதான் மற்ற பேச்சு.

நம் நாட்டில் பழைய துப்பாக்கிகள் எண்ணிக்கையில் குறைவு. அதற்கு வரலாறு இருக்கிறது. பாளையக்காரர்களின் போர் முடிந்த கையோடு 1801 டிசம்பரில் கம்பெனி அரசு, பாளையங்களில் ஆயுதம் கூடாது என்று பிரகடனம் போட்டது. 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரண்மனை ஆயுதசாலையும் கலைந்தது. அதில் ஒரு பங்கு மதராஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது, மீதியில் பெரும்பகுதி பழைய இரும்பாகப் போயிற்று. எழும்பூரில் அந்த அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்குப் போகிறவர்கள் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். உலைக்குப் போகாமல் தப்பிய சொற்பம் அது. அதனால்தான் மிச்சம் இருக்கிற ஒவ்வொன்றும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, அது ஒரு குடும்பத்துப் பெட்டியில் இருந்தாலும் சரி, அருங்காட்சியகத்தில் இருந்தாலும் சரி.

இனி நம் ஊர்க் காற்று. இங்கிருந்து பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு. உப்பங்கழி, அதைத் தாண்டிக் கடல். மாலையில் கிழக்கிலிருந்து வரும் காற்று நமக்குச் சுகம். இரும்புக்கு அது உப்புப் பொடி. தெற்கே அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையங்கள், இங்கே உருக்காலைகள், ரோலிங் மில்கள். கந்தகப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் வெறும் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். உப்பு படிந்திருந்தால் அதற்குக் கீழேயே தொடங்கிவிடும், ஏனென்றால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நம் ஊரில் 80ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். இந்த அரிமானத்தை ஆராய்வதற்கென்றே நம் மாநிலத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது: காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953இல் திறக்கப்பட்டது. மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளை வரிசையாக வெயிலிலும் காற்றிலும் வைத்து, எத்தனை நாளில் எவ்வளவு அரிக்கிறது என்று எடை போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். அதைப் பார்த்தால் பக்கத்துப் பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்தது ஏன் என்று புரியும்.

இங்கே ஒருவர் மனசில் ஒரு கேள்வி ஓடும். தஞ்சாவூர் பீரங்கிமேட்டில் ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி ஒன்று, ஏறத்தாழ 26 அடி நீளம், நானூறு வருடமாக மழையில் நனைகிறதே, அது கரைந்தா போயிற்று? நல்ல கேள்வி. அது கரியுலையில் எடுத்த இரும்பைப் பட்டை பட்டையாக அடித்து ஒட்டிச் செய்தது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் கூடுதல்; டில்லி இரும்புத் தூணைப் போல, மேலே படியும் முதல் படலம் இறுகி, உள்ளே இருப்பதைக் காக்கிறது. பின்னால் வந்த ரைஃபிள் எஃகில் அந்தக் குணம் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு, என் அனுபவத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது: பீரங்கி திறந்த வெளியில் கிடக்கிறது. மழை அதன் உப்பைக் கழுவிவிடுகிறது, வெயில் அதைக் காயவைத்துவிடுகிறது. பட்டு வேட்டியில் சுற்றிய ரைஃபிள் நனைவதும் இல்லை, காய்வதும் இல்லை.

 பட்டானாலும் பஞ்சானாலும் துணி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். தோல் அதைவிட மோசம். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் உப்பு, பிறகு அமிலம், பிறகு ஆவாரம்பட்டையோ குரோமோ. எவ்வளவு அலசினாலும் உள்ளே கொஞ்சம் தங்கும். நூறு வருடம் அதில் இரும்பை ஒட்டவைத்தால் இரும்புதான் தோற்கும். துப்பாக்கியைத் தோளில் எடுத்துப் போவதற்குத்தான் தோலுறை. பெட்டியில் இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். சந்தனமும் அப்படித்தான். கல்லில் தண்ணீர் விட்டு அரைத்தது. காய்ந்தபின் அந்தப் பொடி ஈரத்தை மறுபடி மறுபடி இழுத்து அதே இடத்தில் வைத்துக்கொள்ளும். ஆயுதபூஜை வருவதோ வடகிழக்குப் பருவமழைக்கு முன்வாசலில். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நானும் என் வெர்னியருக்குப் பொட்டு வைப்பவன். பொட்டைக் கட்டையில் வையுங்கள், இரும்பில் வேண்டாம். அல்லது அன்று சாயந்திரமே துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். என் நண்பர் இப்போது பெட்டிக்குப் பொட்டு வைக்கிறார்.

அடுத்தது குழலின் உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே வெடிமருந்து செய்து கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அந்த மருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். அது எரிந்தபின் குழலில் தங்குவது கரி மட்டும் அல்ல, பொட்டாசிய உப்புகள். அவை காற்றில் ஈரம் இருந்தால் பிசுபிசுக்கும். பின்னால் வந்த ரைஃபிள்களில் மருந்து மாறினாலும், தோட்டாவின் அடியில் இருக்கும் தீக்குமிழில் நீண்டகாலம் பொட்டாசியம் குளோரேட் போட்டார்கள். அது வெடித்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, கடலுப்புக்கு உடன்பிறப்பு. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பின்மேல் எண்ணெய் பூசினால் எண்ணெய்க்கு அடியில் துரு நிம்மதியாக வளரும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான்.

இதை நான் கல்லூரியில் என்சிசி கேடட்டாக இருந்தபோது கற்றேன். இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். முகாமில் சுட்டு முடித்து வந்ததும் ஹவில்தார் ஒருவர் எங்களை வரிசையாக உட்காரவைப்பார். புனல் வைத்து, ஆவி பறக்கும் வெந்நீரைக் குழலுக்குள் விடச்சொல்வார். துப்பாக்கிக்குள் தண்ணீரா என்று எங்களுக்குப் பயம். "கொதிக்கிற தண்ணிதான் தானே காஞ்சிடும், பயப்படாதே" என்பார். பிறகு கட்டையின் பின்முனையில் இருக்கும் பித்தளை மூடியைத் திறந்து, அதற்குள் இருக்கும் புல்-த்ரூ கயிற்றை எடுத்து, அதில் துண்டுத் துணியை மாட்டி இழுப்போம். கறுப்பாக வரும். மறுபடி. சாம்பலாக வரும். மறுபடி. வெள்ளையாக வந்தபின் குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்க்கச்சொல்வார். உள்ளே புரிகள் சுழன்று சுழன்று கண்ணாடிபோல் ஓடும். எத்தனையோ எந்திரங்களைப் பார்த்துவிட்டேன், அந்த ஒளிவட்டத்தைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் எண்ணெய், அதுவும் சிறு துணியில் தடவி ஒரே ஒரு இழுப்பு. "ஈரம் தெரியணும், சொட்டக்கூடாது" என்பது அவர் கணக்கு.

எந்த எண்ணெய்? வீடுகளில் தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள், சிலர் நல்லெண்ணெய். வேண்டாம். செடியிலிருந்து வரும் எண்ணெய் நாளாவட்டத்தில் காறும், காறினால் அமிலம். பித்தளைப் பாகங்களில் பச்சைக் களிம்பு ஏறுவது அதனால்தான். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகி, குதிரையும் விசையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும். இரும்புக்குக் கனிம எண்ணெய். மரக்கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய், ஒரு துளி, உள்ளங்கை சூட்டில் தேய்த்து. எண்ணெய் போட்ட ரைஃபிளைக் கட்டை கீழே இருக்கும்படி வருடக்கணக்கில் நிறுத்தினால் எண்ணெய் வழிந்து மரத்தில் ஊறி, பிடிக்கும் இடத்தில் மரம் சொதசொதத்துப்போகும். படுக்கவைக்கலாம், அல்லது குழல்வாய் கீழே. குழல்வாயைத் துணியால் அடைக்கவே அடைக்காதீர்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். மறந்துபோய்ச் சுட்டால் குழலே பிளக்கும்.

பத்து வருடத்துக்கு எடுக்கவே போவதில்லை என்றால் எண்ணெய் போதாது, அது மெல்ல மெல்ல வழிந்து காணாமல் போகும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படைகள் கிடங்கில் வைத்த ரைஃபிள்களைப் பழுப்பு கிரீஸில் முக்கியெடுத்தார்கள். அதை எடுக்க இன்றைக்கும் வெந்நீரும் பொறுமையும் வேண்டும், ஆனால் உள்ளே எஃகு புதிதாக இருக்கும். அருங்காட்சியகங்கள் மெழுகு பூசும். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகு இன்று உலகம் முழுக்க ஆயுதக் கூடங்களில் இருக்கிறது. மெல்லியதாகத் தடவி, மெருகேற்றி விட்டால் விரல் பட்டாலும் வியர்வை இரும்பை எட்டாது.

விரலைச் சொல்லாமல் போனால் நான் முப்பது வருடம் செய்த வேலைக்கு அர்த்தம் இல்லை. ஒருமுறை எங்கள் சரக்கு வெளிநாட்டில் பெட்டி திறந்தபோது துருவோடு இருந்தது என்று புகைப்படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு தண்டிலும் ஒரே இடத்தில் கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, சிவப்பில். கழுவி உலர்த்தியபின் யாரோ ஒருவர் கையுறை இல்லாமல் எடுத்துத் தாளில் வைத்திருக்கிறார். அந்த மாதம் வேலை பார்த்தவர்களின் வியர்வைமேல் கோபப்படவில்லை. மே மாதத்தில் ஃபேன்கூட இல்லாத அறை அது. கையுறை வாங்கிக் கொடுக்காதது எங்கள் தவறு.

பாகங்களைப் பொதியும் வேலையை நம் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் தெரியுமா? கும்மிடிப்பூண்டி பேக்கிங் செக்‌ஷனில் நிற்கும் பெண்கள் கழுவுவது, உலர்த்துவது, ஆர்பி ஆயில் என்னும் துருத்தடுப்பு எண்ணெய் தடவுவது, விசிஐ தாளில் சுற்றிக் காற்றுப்போகாமல் ஒட்டுவது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அந்தத் தாளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி கிளம்பி இரும்பின்மேல் படலமாக உட்காரும். பையைத் திறந்து வைத்தால் ஆவி போய்விடும், மறுபடி புதுத் தாள் வேண்டும். பித்தளைப் பூண் உள்ள ரைஃபிள் என்றால் எல்லா உலோகத்துக்கும் ஆனது என்று கேட்டு வாங்குங்கள். அருங்காட்சியகத்துக்குத் தேவைப்படும் கைப்பக்குவம் ஷிப்ட் பஸ்ஸில் தினமும் இந்த ஊரைத் தாண்டிப் போய்வருகிறது. ஒரு பள்ளி அவர்களை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தால் என்ன? எனக்கு வெகுநாள் ஆசை அது.

பெட்டிக்குள் ஈரத்தைக் குறைக்க சிலிக்கா ஜெல் போடலாம். நீலம் வெளிறி ரோஜா நிறமானால் அடுப்பில் சூடுபண்ணி மறுபடி நீலமாக்கலாம், ஆனால் பெட்டி காற்றுப்போகாததாக இருக்கவேண்டும். இடுக்குள்ள மரப்பெட்டியில் போட்டால் அது ஊர்க் காற்றையே உலர்த்த முயன்று தோற்கும். மர அலமாரி என்றால் பழைய ஆட்கள் செய்த வழி நல்லது. அடித்தட்டில், எதுவும் உரசாத இடத்தில் ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டே இருக்கும். 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை ஐந்து டிகிரி சூடாக்கினால் ஈரப்பதம் 60க்கு இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை. ஆனால் சூடான காற்று அதைத் தாங்கிக்கொள்கிறது, இரும்பின்மேல் விடுவதில்லை. ஏசி அறை இதற்கு நேர்மாறான ஆபத்து. 22 டிகிரியில் குளிர்ந்த ரைஃபிளை வெளியே எடுத்தால், ஐஸ் போட்ட டம்ளரைப்போல உடனே வியர்க்கும். விருந்தாளிக்குக் காட்ட எடுப்பார்கள், வியர்த்தது தெரியாமலே உறையில் போடுவார்கள். பையில் மூடியபடியே வெளியே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். அது மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் உறையை வீட்டிலேயே விட்டுவிட்டு, சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றிக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்த அன்றே பிரியுங்கள்.

ஏற்கெனவே துரு வந்துவிட்டதா? உப்புத்தாளைத் தொடாதீர்கள். மதராஸ் அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கி, எஸ். பரமசிவன் அங்கே வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்சாரம் செலுத்தி நீக்கினார். இன்று இந்தத் துறை சொல்வது ஒன்றுதான்: முடிந்தவரை குறைவாகச் செய். ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் அது உயிருள்ள துரு. எண்ணெயில் ஒருநாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டித் துடையுங்கள். அடியில் இருக்கும் கரும்பழுப்புப் படலம் அந்தத் துப்பாக்கியின் வயது. அதைத் தேய்த்தெடுத்தால் பொறித்த பெயரும் முத்திரையும் சேர்ந்து போகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் கறுப்பு மை செய்த ஊர் நம்முடையது. அந்தக் கடுக்காயில் இருக்கும் டானின் துருவைக் கருநீலப் படலமாக மாற்றும் என்பதால் அருங்காட்சியகங்களும் டானிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றன. ஆனால் நீலம் ஏற்றிய குழலில் வீட்டில் அதைச் செய்து பார்க்காதீர்கள், நிறம் போனால் திரும்பாது.

இப்போது பொட்டலங்கள்.

தோல் முதலில். இதோ பாருங்கள், மூன்று மாதம்தான். தோல் அழுந்திய பக்கம் முழுக்கச் செம்மண் பூசினதுபோல் இருக்கிறது. கயிறு கட்டிய இடம் இன்னும் ஆழம். முன்வரிசைப் பிள்ளைகள் கிட்ட வரலாம்.

இது விசிஐ தாள். அறுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே. ஒரு நிமிடம்... இந்த முனையில் ஒரு சின்னக் கறை இருக்கிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறேன். ஆமாம், ரேகை தெரிகிறது. என் கட்டைவிரல்தான், அன்று கையுறை போட்டுக்கொண்டது தேய்த்து முடித்த பிறகு. கையில் வாங்கிப் பாருங்கள், ஆனால் அதற்கு முன் இந்தத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள்.